குதிரை முட்டை

வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையைப் படித்திராத, அல்லது பிறர் சொல்லக் கேட்டிராத தமிழ் வாசகர் அரிது. நடந்து கால் ஓய்ந்த குருவுக்கு ஒரு குதிரை வேண்டும். வளர்ந்த குதிரை வாங்கக் கையில் பணமில்லை. ஆகவே சீடர்கள் குதிரை முட்டை ஒன்றை மலிவாக வாங்கி வருகிறார்கள், அது பூசணிக்காய். வழியில் முட்டை விழுந்து உடைய, புதரிலிருந்து மிரண்டு ஓடிய முயலைக் குதிரைக்குட்டி என்று நம்பித் துரத்துகிறார்கள். 1822ல் பெஞ்சமின் பாபிங்டன் இக்கதையை ஆங்கில மொழிபெயர்ப்புடன் லண்டனில் அச்சிட்டார். இருநூறு ஆண்டு கடந்தும் நாம் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

நாங்கள் சிரிப்பதை நிறுத்திச் சில மாதங்கள் ஆகின்றன. குதிரையிடம் முட்டை உண்டு. அதன் இலத்தியில் உண்டு. வெறுங்கண்ணுக்குத் தெரியாத அந்த முட்டைகளை நுண்ணோக்கியின் கீழ் வைத்து எண்ணவும் முடியும். எண்ணாமல் விட்டதால் ஒரு மட்டக்குதிரைக் குட்டி எங்கள் கையாலேயே செத்துப்போனது. இக்கட்டுரை அதன்பொருட்டு எழுதப்படுவது. இலக்கியம் பேசும் இடத்தில் குடற்புழுவுக்கு என்ன வேலை என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். குதிரையைப் பற்றி இத்தனை எழுதிய சமூகம் அதன் வயிற்றைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசினால் குறைந்துவிடாது என்பது எங்கள் தரப்பு.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். காணும் பொங்கலன்று பழவேற்காட்டுக் கடற்கரையில் கூட்டம் நெரியும். அக்கூட்டத்தில் குழந்தைகளை ஏற்றிச் சவாரி விட்டுக்கொண்டிருந்த ஒருவரோடு எங்களுக்குப் பழக்கமாயிற்று. அவரைப் பாய் என்றே அழைத்தோம். அவர் எங்களைச் சார் என்றார். ராணி என்று ஒரு பெட்டை, சுல்தான் என்று காயடித்த ஆண் ஒன்று. இரண்டுமே நெஞ்சளவு உயரம்கூட இல்லாத மட்டக்குதிரைகள். விடுமுறை நாட்களில் கடற்கரைச் சவாரி, முகூர்த்த நாட்களில் மாப்பிள்ளை ஊர்வலம், மற்ற நாட்களில் மேய்ச்சல். காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு சவுக்குத்தோப்பின் ஓரம் அவற்றைக் கட்டிவைத்திருந்தார். பின்னொரு ஞாயிறு அங்கு போனபோதுதான் ராணியின் குட்டியைக் கண்டோம். ஏழு மாதம் இருக்கும். விலா எலும்பை எண்ணலாம். வயிறு மட்டும் பானைபோல் தொங்கியது. ரோமம் பளபளப்பின்றிச் சிலிர்த்து நின்றது. இருமிற்று. அதற்குப் பேர் வைக்கவில்லையா என்று கேட்டோம். "ஒரு வருசம் தாண்டட்டும் சார், அப்பால வெக்கலாம்" என்றார். எங்களுக்கு அந்தப் பதிலின் பொருள் அப்போது விளங்கவில்லை.

எங்களில் ஒருவர் ஊரில் மாடு வளர்த்த குடும்பத்தவர். வயிற்றில் பூச்சி என்று பார்த்த மாத்திரத்தில் சொன்னார். சரியாகவே சொன்னார். அடுத்த வாரம் ஐவர்மெக்டின் வாங்கிச் சென்றோம். பாய் தயங்கினார். நாங்கள் வற்புறுத்தினோம். படித்தவர்கள், காசும் அவர்களே போட்டிருக்கிறார்கள், எப்படி மறுப்பார்? குட்டியின் வாயைத் திறந்து மருந்தைச் செலுத்திவிட்டுப் புண்ணியம் செய்த திருப்தியோடு மீஞ்சூர்ச் சாலையில் திரும்பினோம். வழியில் தேநீர்க்கடையில் தி.ஜானகிராமனைப் பற்றிப் பேசியதாக நினைவு.

மறுநாள் குட்டி தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறது. மண்ணில் விழுந்து புரண்டிருக்கிறது. மூக்கு வழியே பச்சையாய் நீர் வந்திருக்கிறது. மூன்றாம் நாள் விடியுமுன் முடிந்துவிட்டது. எங்களுக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரை அழைத்துச் சென்றோம். அவர் வயிற்றைத் திறந்து காட்டினார். சிறுகுடல் நெடுகிலும் ஒரு சாணுக்கும் மேல் நீளமான வெள்ளை உருண்டைப்புழுக்கள் கயிறாய் முறுக்கிக்கொண்டு அடைத்திருந்தன. ஒரு வயதுக்குட்பட்ட குட்டிகளை வாட்டும் பாராஸ்காரிஸ் என்னும் இனம். ஐவர்மெக்டின் புழுவைச் செயலிழக்கச் செய்யும் மருந்து. குடலில் பத்து இருபது புழு இருந்தால் அவை செயலிழந்து இலத்தியோடு வெளியேறும். நூற்றுக்கணக்கில் இருந்து, எல்லாம் ஒரே நேரத்தில் செயலிழந்தால், அந்தக் குவியலே குடலை அடைத்துவிடும். இப்படிப்பட்ட குட்டிக்குச் சட்டென்று முடக்காமல் மெதுவாகக் கொல்லும் வேறு வகை மருந்தை, மருத்துவர் கண்காணிப்பில் கொடுத்திருக்க வேண்டும். "இலத்தியை எடுத்து வந்திருந்தால் அஞ்சு நிமிஷத்தில் சொல்லியிருப்பேன்" என்றார் மருத்துவர். அதில் கோபம் இல்லாததுதான் எங்களைக் குத்தியது.

பாய் எங்களைத் திட்டவில்லை. "இனிமே மருந்தே வாணாம் சார்" என்றார். அவ்வளவுதான். எங்கள் அறியாமையின் விளைவாக அவர் வந்துசேர்ந்த முடிவு அது. அதுவும் தவறான முடிவு. பார்க்காமல் கொடுப்பது, பார்க்காமல் கொடுக்க மறுப்பது: இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு என்று அன்று தோன்றியது.

குதிரையைப் பார்க்காமலிருப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கடல் வழியே குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ எழுதிய பகுதி இன்னும் கசப்பானது. ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் பெரும் பொன்விலைக்கு இங்கே வந்திறங்கின. ஆண்டு முடிவில் நூறுகூட உயிரோடு எஞ்சுவதில்லை என்கிறார் அவர். பராமரிக்கத் தெரிந்தவர் இங்கில்லை. தெரிந்த வைத்தியர் வந்துசேராதபடி வணிகர்கள் பார்த்துக்கொண்டார்கள். குதிரை சாகச்சாகத்தானே வியாபாரம். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மாலுமிக் கதை என்பது வரலாற்றாசிரியர் பாடு. அந்தக் குதிரைகள் எதனால் செத்தன என்று இன்று எவராலும் நிறுவ முடியாது. ஆனால் பாலையின் வறண்ட மண்ணில் வளர்ந்த மிருகத்தை ஈரமும் வெக்கையும் கலந்த நிலத்தில் ஒரே லாயத்தில் நெருக்கிக் கட்டினால் அதன் வயிற்றில் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை.

நம்மிடம் அசுவ சாத்திரம் இல்லாமலில்லை. தஞ்சை சரசுவதி மகால் நூலகம் நகுலன் பெயரில் வழங்கும் அசுவ சாத்திரத்தை 1952ல் ஓவியங்களோடு பதிப்பித்தது. ஆனால் மக்களிடையே அந்த மரபிலிருந்து பெரிதும் எஞ்சி நின்றது சுழி பார்ப்பது. நெற்றியில் எத்தனை சுழி, கழுத்தில் எந்தப் பக்கம், எது உடையவனுக்கு ஆகும், எது குடியைக் கெடுக்கும். பாயும் சுழி பார்த்துத்தான் ராணியை வாங்கியிருந்தார். தோலின் மீது இத்தனை கண். இலத்தியின் மீது ஒன்றுமில்லை. மாணிக்கவாசகருக்காக நரி பரியானதைப் பாடுகிறோம். அய்யனாருக்கு மண்ணில் குதிரை செய்து ஊர் எல்லையில் நிறுத்துகிறோம். நவீன கவிதையில் குதிரை காமமாக, காலமாக, விடுதலையாக ஓடுகிறது. இந்தக் குதிரைகள் எதுவும் இலத்தி போடுவதில்லை.

இலத்தியில் என்ன இருக்கிறது என்பதற்கு வருவோம். வளர்ந்த குதிரையின் பெருங்குடலில் வாழ்பவை பெரும்பாலும் சிறு சிவப்புப் புழுக்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட இனங்கள். அவற்றின் முட்டை இலத்தியோடு மண்ணுக்கு வருகிறது. வெதுவெதுப்பும் ஈரமும் இருந்தால் ஒரு வாரமளவில் பொரித்து, வளர்ந்து, புல்நுனியின் நீர்ப்படலத்தில் ஏறி நிற்கிறது. குதிரை புல்லோடு அதை மேய்கிறது. உள்ளே போன புழுக்குஞ்சு குடற்சுவருக்குள் துளைத்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடும். மாதக்கணக்கில், சில வேளை இரண்டு ஆண்டுகூட உறங்கும். பெருந்திரளாக ஒரே நேரத்தில் அவை விழித்து வெளிவந்தால் குடற்சுவர் கிழிந்து, பேதி கண்டு, குதிரை உருக்குலையும். உறங்கும் அந்தக் குஞ்சுகளைப் பெரும்பாலான மருந்துகள் தொடுவதில்லை. இன்னொன்று பெரிய சிவப்புப் புழு. அதன் குஞ்சு குடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனிக்குள் புகுந்து அதைத் தடிக்கச் செய்யும், அடைக்கும். குதிரைச் சூலையில் மிகக் கொடியவற்றில் ஒன்று இதனால் வருவது. (அப்பருக்கு வந்த சூலை வேறு. அதற்கு மருந்து பதிகமாக இருந்தது.)

1966ல் அமெரிக்காவின் கென்டக்கியில் டிரட்ஜ், லயன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு வழி சொன்னார்கள். எட்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லாக் குதிரைக்கும் மருந்து. அக்காலத்தின் பெரும் பகை பெரிய சிவப்புப் புழு. திட்டம் அதை ஒடுக்கிவிட்டது. வெற்றி பெற்ற திட்டத்தை மாற்ற யாருக்கும் மனம் வருவதில்லை. உலகெங்கும் லாயங்கள் நாட்காட்டியைப் பார்த்து மருந்து கொடுத்தன. புழு இருக்கிறதா, எந்தப் புழு, எவ்வளவு, கொடுத்த மருந்து வேலை செய்ததா என்று பார்ப்பது வழக்கொழிந்தது. சிறு சிவப்புப் புழுக்கள் மருந்துக்குப் பழகிக்கொண்டன. பென்சிமிடசோல் வகை மருந்துகள் அவற்றிடம் இன்று பல நாடுகளில் பலிப்பதில்லை. உருண்டைப்புழு ஐவர்மெக்டினுக்கே அசராத இடங்களும் உண்டு. நம் ஊர்களில் இன்றும் வாய்மொழியாக உலவும் அறிவுரை அந்த 1966ன் எச்சம்தான்: மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பூச்சி மருந்து கொடுத்துவிடு.

ஐவர்மெக்டினைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானில் இட்டோ நகரத்தருகே ஒரு கோல்ஃப் மைதானத்தையொட்டி சதோஷி ஓமுரா அள்ளிய மண்ணிலிருந்த நுண்ணுயிரியிலிருந்து பிறந்தது அது. வில்லியம் காம்ப்பெல்லோடு அவருக்கு 2015ல் நோபல் பரிசு கிடைத்தது. 1981ல் கால்நடைக்காக விற்பனைக்கு வந்து, பின்னர் ஆப்பிரிக்காவில் ஆற்றுக் குருட்டு நோயிலிருந்து இலட்சக்கணக்கானவர்களைக் காத்தது. 2021ல் கொரோனாவுக்குப் பயந்த அமெரிக்கர்கள் சிலர் குதிரைக்கான பசையை வாங்கித் தின்று மருத்துவமனைக்குப் போனார்கள். அவர்களைப் பார்த்து நாங்களும் அப்போது கேலி பேசியவர்கள்தாம். ஒரு கைப்பிடி மண் மனிதகுலத்துக்குத் தந்த கொடை அம்மருந்து. அதைத் தப்பாகக் கொடுத்துத் தீர்த்துவிட்டால் அந்த இடத்தில் வைக்க வேறு மருந்துகள் வரிசையில் காத்து நிற்கவில்லை.

முட்டை எண்ணும் வித்தையை எங்களுக்கு அந்த மருத்துவரே கற்றுக்கொடுத்தார். அவர் சொன்னதைக் கேட்டபோது காட்டுப்பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான வித்தை இருக்கமுடியாது என்று தோன்றியது. வேண்டியது உப்பு. எண்ணூர்க் கழிமுகத்தின் கரையில் பாத்தி கட்டி உப்பு விளைவித்த ஊர்கள் இவை. இதற்குமேல் கரையாது என்னுமளவு நீரில் உப்பைக் கரைத்துக்கொள்ள வேண்டும். புது இலத்தி 2 கிராம், அந்த உப்புநீர் 28 மில்லிலிட்டர். நன்கு கலக்கித் தேநீர் வடிகட்டியில் வடித்து, கோடு கிழித்த கண்ணாடிச் சில்லின் இரு அறைகளிலும் ஊற்றி ஐந்து நிமிடம் விட்டால், கனத்த உப்புநீரில் புழு முட்டைகள் மிதந்து மேலே வந்து நிற்கும். நுண்ணோக்கியில் கோட்டுக்குள் தெரிவதை எண்ணி ஐம்பதால் பெருக்கினால் ஒரு கிராம் இலத்தியில் எத்தனை முட்டை என்ற கணக்கு. சிட்னியின் மக்மாஸ்டர் ஆய்வகத்தில் 1939ல் ஆட்டுப் புழுக்களுக்காக வகுத்த முறை. சில்லும் அந்த ஆய்வகத்தின் பெயரையே தாங்குகிறது.

முதன்முதலாக நுண்ணோக்கிக்குள் குனிந்தவர் எங்களில் ஒரு கவிஞர். நீள்வட்டமாய், மெல்லிய ஓட்டோடு, உள்ளே திராட்சைக் குலைபோல் அணுக்கள். "அழகாயிருக்கிறதே" என்று அவர் சொன்னபோது அருகில் நின்ற பாய் முறைத்தார். ராணியின் சில்லில் 23 முட்டை. சுல்தானுடையதில் ஒன்றே ஒன்று. அதாவது கிராமுக்கு 1150, 50. ஒரே தோப்பு, ஒரே புல், ஒரே கை வைக்கும் கொள்ளு. ஒரு மந்தையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக் குதிரைகளே மொத்த முட்டையில் ஐந்தில் நான்கு பங்கைக் கொட்டுகின்றன என்று ஆய்வாளர்கள் சொல்வதை இரண்டே குதிரைகளில் கண்டோம். குட்டியின் வயிற்றை அடைத்த உருண்டைப்புழுவின் முட்டை இரண்டிலும் இல்லை. வளர்ந்த குதிரை அப்புழுவை எதிர்க்கும் சக்தி பெற்றுவிடும். ஆனால் தடித்த ஓடுடைய அந்த முட்டைகள் தோப்பு மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அடுத்த குட்டி அதே மண்ணை நக்கித்தான் வளரும்.

ராணிக்கு முதலில் ஃபென்பெண்டசோல். அளவு தெரிய எடை தெரிய வேண்டுமே. பாய் கண்மதிப்பில் நூறு கிலோ என்றார். தையற்காரர் நாடாவால் நெஞ்சுச் சுற்றளவை அளந்தோம், 130 சென்டிமீட்டர். தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரை நீளம் 120. சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோ. 171 வந்தது. கண்மதிப்புக்குக் கொடுத்திருந்தால் மருந்து வேண்டிய அளவில் ஐந்தில் மூன்று பங்கை எட்டியிருக்காது. புழுவைக் கொல்லாமல் பழக்கியிருப்போம். 14 நாள் கழித்து மீண்டும் எண்ணினோம். 1150 ஆக இருந்தது 700. சரியான அளவு கொடுத்தும் பாதிகூடக் குறையவில்லை. பாய் வருடத்துக்கு இரண்டு தடவை மாட்டுக்கான மாத்திரையைப் பொடித்துக் கொள்ளில் கலந்து கொடுத்துவந்தது இந்த வகை மருந்தைத்தான். பல வருடமாகக் காசு கொடுத்து ஒன்றுமில்லாததை வாங்கியிருக்கிறார். பிறகு மருத்துவர் முன்னிலையில், எடைக்கேற்ற ஐவர்மெக்டின். மேலும் 14 நாளில் சில்லில் ஒன்றுமில்லை. சுல்தானுக்கு அந்தத் தடவை எதுவும் கொடுக்கவில்லை. அதன் வயிற்றிலுள்ள சில புழுக்கள் மருந்தைக் காணாமலேயே வாழ்வதும் நல்லதாம். மருந்துக்குப் பழகாத அவற்றின் சந்ததி மண்ணில் கலந்திருந்தால்தான் மருந்து அடுத்த தலைமுறையிலும் வேலை செய்யும். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல்லை அடைக்கலம் என்று பெயர்க்கலாம். புழுவுக்கு அடைக்கலம் என்றதும் பாய் முதன்முறையாகச் சிரித்தார்.

எதிர்வாதங்கள் உண்டு. எண்ணிக்கையை மட்டும் நம்பி மருந்தை அடியோடு குறைத்தாலும் ஆபத்துதான். டென்மார்க் 1999லிருந்து மருத்துவர் சீட்டின்றிக் குதிரைக்குப் புழு மருந்து விற்பதைத் தடுத்தது. முட்டை எண்ணி மருந்து கொடுப்பது அங்கே வழக்கமாயிற்று. சில ஆண்டுகளில், ஒழிந்ததாய் எண்ணியிருந்த பெரிய சிவப்புப் புழு அங்கே தலைகாட்டியது. ஆகவே வளர்ந்த குதிரைக்கு ஆண்டுக்கு ஓரிரு முறை பொதுவாகக் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் முட்டை அதிகம் போடுபவற்றுக்கு மட்டும் கொடுக்கலாம் என்பதே இன்று பல நாடுகளின் கால்நடை மருத்துவர்கள் வந்து நிற்கும் இடம். குட்டிகளுக்குக் கணக்கு வேறு. இரண்டு மூன்று மாத வயதிலேயே தொடங்கிவிட வேண்டும். ஏழு மாதம் வரை விட்டுவிட்டு வயிறு பானையான பின் ஓடிவருவது நாங்கள் செய்தது. இன்னொரு வாதம், அன்றாடங்காய்ச்சியான குதிரைக்காரர் நுண்ணோக்கிக்கு எங்கே போவார் என்பது. நியாயமான கேள்வி. ஆனால் வேப்பேரியில் 1903லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாதவரத்தில் பல்கலைக்கழகம் இருக்கிறது. அறிவு காட்டுப்பள்ளியிலிருந்து ஒரு பேருந்துப் பயண தூரத்தில் இருக்கிறது. கடற்கரை, மலைவாசத்தலம், கோயில் ஊர் என்று மட்டக்குதிரை பிழைக்கும் இடங்களில் மாதம் ஒருநாள் ஒரு நுண்ணோக்கியும் ஒரு படி உப்பும் வந்தால் போதும். விலைமதிப்பற்ற பந்தயக் குதிரைக்குக் கிண்டியில் கிடைக்கும் கவனிப்பை நாங்கள் கேட்கவில்லை. 2012க்கும் 2019க்கும் இடையிலான கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் ஆறேகால் இலட்சத்திலிருந்து மூன்றரை இலட்சத்துக்கும் கீழே இறங்கின. எஞ்சியவற்றின் இலத்தியையாவது பார்க்கலாம்.

மருந்து இரண்டாம் பட்சம், நிலம்தான் முதல். பழவேற்காட்டில் நின்று இதைச் சொல்லும்போது டச்சுக்காரர்கள் நினைவுக்கு வராமலிருக்க முடியாது. 1613ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டிய அவர்களே யாழ்ப்பாணத்தருகே நெடுந்தீவுக்குத் தங்கள் ஊரான டெல்ஃப்ட்டின் பெயரைச் சூட்டினார்கள். அங்கே அந்நியர் ஆட்சியில் வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் இன்றும் உடையவரின்றித் திரிகின்றன. நம் கோடியக்கரையிலும் அவ்வாறே. அவற்றுக்கு யாரும் பூச்சி மருந்து கொடுப்பதில்லை. புழு இல்லாமலும் இராது. மேயும் குதிரை எதுவும் புழுவின்றி வாழ்வதில்லை. ஆனால் குதிரைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. இடமிருந்தால் அது இலத்தி போட்ட பக்கம் மேயாது. ஒரு பகுதியைக் கழிப்பிடமாக ஒதுக்கிவிட்டு வேறு பகுதியில் புல் கடிக்கும். மூன்று கெஜக் கயிற்றில் கட்டிப்போட்ட குதிரைக்கு அந்த நாகரிகத்தைக் காக்க வழியில்லை.

காட்டுப்பள்ளியில் கயிறு ஏன் குறுகியது என்று பாயிடம் கேட்டால் கையை வடக்கிலும் தெற்கிலும் நீட்டிக் காட்டுகிறார். எண்ணூர்த் துறைமுகம் 2001ல் இயங்கத் தொடங்கியது. பிறகு கப்பல் கட்டும் தளமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தன. 2018ல் அது அதானி குழுமத்தின் கைக்குப் போனது. அதை விரிவாக்கும் திட்டத்தை மீனவ ஊர்கள் எதிர்த்துவருகின்றன. ஊர்பெயர்க்கப்பட்ட குடும்பங்களின் துயரத்துக்கு முன்னால் இரண்டு மட்டக்குதிரைகளின் மேய்ச்சலைப் பேசுவது அற்பம் என்று தோன்றலாம். எங்களுக்கும் தோன்றிற்று. ஆனால் வேலி நகர நகர, எருமையும் ஆடும் குதிரையும் எஞ்சிய துண்டில் நெருங்குகின்றன; நெருங்க நெருங்க, முட்டை விழுந்த இடத்திலேயே வாய் வைக்க நேர்கிறது. நிலத்தைப் பறித்தால் அது குதிரையின் குடலுக்குள் போய்த் தெரியும் என்பதை 23 என்ற எண் எங்களுக்குக் காட்டியது.

இருக்கும் துண்டிலும் செய்ய முடிந்தது இருக்கிறது. வாரம் இருமுறை இலத்தியைக் கூடையில் அள்ளிவிட்டால் குஞ்சு புல்லேற நேரமிருக்காது. எருமைகளை முன்னே மேயவிட்டால் அவை குதிரைப் புழுவின் குஞ்சுகளைப் புல்லோடு விழுங்கிவிடும். பெரும்பாலானவை எருமை வயிற்றில் வாழாமல் அழியும். சித்திரை வைகாசி வெயிலில் இலத்தியை உடைத்துப் பரப்பினால் மணற்சூட்டில் குஞ்சுகள் காய்ந்துபோகும். அதையே ஐப்பசி மழையில் செய்தால் நாமே விதைத்தவர்களாவோம். மழைக்காலம்தான் இந்தக் கரையில் ஆபத்துக் காலம். காய்ந்த இலத்தி உருண்டைக்குள் ஈரத்தில் பதுங்கியிருந்தவை முதல் மழையில் வெளிவருகின்றன.

பாய் இப்போது இலத்தியைக் கூடையில் அள்ளுகிறார். பக்கத்தில் கத்தரி போட்டிருக்கும் ஒரு அம்மாள் அதை வாங்கிக்கொள்கிறார். நன்றாக மக்க வைத்துவிட்டுப் போடும்படி சொல்லியிருக்கிறோம். மழை தொடங்கி மூன்று வாரம் கழித்து, ராணி, சுல்தான் என்று எழுதி ஒட்டிய இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்களை அவரே எங்களிடம் கொடுத்தார். ராணி 250. சுல்தான் 50. மருத்துவர் இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம், தையில் பார்ப்போம் என்றார். ராணி மறுபடி சினையாக இருக்கிறாள். இந்தத் தடவை குட்டியை வேறு இடத்தில் ஈனச்செய்ய வேண்டும். பழைய மண்ணில் விடக்கூடாது. அதற்கான இடத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.